உரலில் தோற்ற சாமை: கொல்லிமலையில் நாலு ஏக்கர் நிலம், நாற்பது வருடம்

எங்கள் வீட்டுத் தொம்பையை அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, கடைசியாகத் துழாவியது 1991ல். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. மூங்கிலைப் பின்னி, மண்ணும் சாணியும் குழைத்துப் பூசி, ஆள் உயரத்துக்கு நிற்கும் தானியக் கூடைதான் தொம்பை. கோடையில் அதன் அடி தெரிவது வழக்கம்தான். ஆனால் விதைக்கென்று ஒரு பங்கு எப்போதும் கிடக்கும். அந்த வருடம் அப்பாயி குனிந்து கையை விட்டு ஒரு முறம் சாமையை எடுத்தார். குத்திப் பொங்கி எல்லோருக்கும் போட்டார். விதைக்கு வைக்கவில்லையா என்று யாரும் கேட்கவில்லை. வைகாசியில் சாமை போடும் காட்டில் (மேட்டு நிலத்தைக் காடு என்போம்) குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி நடப்போகிறோம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

கொல்லிமலையின் சிறுதானியம் எப்படி மறைந்தது என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே காரணத்தில் முடிக்கிறார்கள்: மக்கள் பணப்பயிருக்கு மாறிவிட்டார்கள். அது பொய் இல்லை. ஆனால் நாலு ஏக்கரை நாற்பது வருடமாகப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்ற முறையில், அந்தக் கதையில் பாதிதான் இருக்கிறது என்று சொல்வேன். எங்கள் காட்டில் சாமை எந்த வருடமும் பொய்த்துப்போனதில்லை. அது தோற்ற இடம் உரல். நிலத்தை விட்டுப் போவதற்குப் பல வருடம் முன்பே அடுப்படியை விட்டுப் போகத் தொடங்கிவிட்டது.

நிலம்

கொல்லிமலை நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 280 சதுர கிலோமீட்டர் பரப்பு, 1000 மீட்டரில் இருந்து 1300 மீட்டர் உயரம் வரை மேடும் பள்ளமுமான நிலம். காரவள்ளி அடிவாரத்தில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வரவேண்டும். வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு என்று எங்கள் ஊர்கள் நாடுகளாகப் பிரிந்திருக்கும். இன்றைய ஊராட்சிகளுக்கும் அதே பெயர்கள்தான். நாங்கள் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தை நினைக்க வேண்டாம். மலையில் வாழ்கிறவர்கள் என்பதால் வந்த பெயர், வீட்டுப் பேச்சு தமிழ்.

ஓடை ஓரப் பள்ளத்தில் இருப்பது வயல். அதில் நெல். ஏர் ஓட்ட முடிந்த சரிவு உழவுக்காடு. ஏர் போகாத செங்குத்தைக் கொத்தி விதைப்பது கொத்துக்காடு. எங்கள் நாலு ஏக்கரில் வயல் அரை ஏக்கர்தான், மீதி எல்லாம் காடு. அதில் சாமையும் கேழ்வரகும் பாதிக்கு மேல் இருக்கும். தினையும் பனிவரகும் கொஞ்சம். கேழ்வரகுக்குள் அவரையும் கடுகும் கீரையும் கலந்து வரும். ஓரத்தில் பேயெள்ளு என்ற எண்ணெய் வித்து மஞ்சளாகப் பூத்து நிற்கும். சாமை என்று ஒரே சொல்லில் சொல்கிறோம். ஆனால் வெள்ளைப்பெருஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை, திருகுலாசாமை, மல்லிசாமை என்று மலையில் அதற்கே பல பெயர்கள். தினையில் செந்தினை, பெருந்தினை, மூக்காந்தினை. எந்தச் சரிவுக்கு எந்த விதை, மழை தள்ளிப்போனால் எதை விடுவது என்ற கணக்கெல்லாம் அப்பாயியிடம் இருந்தது. விதை இல்லாதவர்கள் இருக்கிற வீட்டில் ஒரு வள்ளம் (தானியம் அளக்கும் அளவை) வாங்கி, அறுத்த பிறகு ஒன்றரை வள்ளமாகத் திருப்பிக் கொடுப்பார்கள். பணம் கைமாறியதாக எனக்கு நினைவில்லை.

உரல்

இப்போது சாமையைப் பற்றி எழுதுகிறவர்கள் அதன் நார்ச்சத்தைச் சொல்லாமல் விடுவதில்லை. உமியைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லை. இந்தக் கதையில் முக்கியமே அந்த உமிதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சாமை, தினை, பனிவரகு மூன்றிலும் உமி மணியோடு இறுகி ஒட்டிக்கிடக்கும். மணியோ கடுகளவு. கையால் தேய்த்தால் போகாது. முதல் நாள் வெயிலில் காயவைத்து, மறுநாள் கோழி கூப்பிடும் நேரத்தில் உரலில் போடுவார்கள். அம்மாவும் அத்தையும் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றி உலக்கை போடுவார்கள். ஒரு பாட்டம் குத்தி, முறத்தில் அள்ளிப் புடைத்து, உமியைத் தள்ளி, மறுபடி உரலில் போட்டு இரண்டாவது பாட்டம். மறுபடி புடைத்தல். உமி போகாத மணியைச் சலித்துப் பிரித்து மூன்றாவது பாட்டம். அதற்கப்புறம் தண்ணீரில் அரித்துக் கல் நீக்க வேண்டும். மூன்று படி சாமை போட்டால் உலையில் போட ஒன்றரைப் படி அரிசி தேறும். ஏழு பேர் இருந்த எங்கள் வீட்டுக்கு அது ஒரு நாளைக்குத்தான். அந்த ஒரு நாள் சோற்றுக்கு இரண்டு பெண்கள் ஒன்றரை மணி நேரம் உரலடியில் நிற்பார்கள். அதை முடித்துவிட்டுத்தான் தண்ணீருக்குப் போவது, களையெடுக்கப் போவது எல்லாம்.

நாற்று நடுவதில், அறுப்பதில், சுமப்பதில் ஆண்களும் உண்டு. உரலடியில் கிடையாது. அப்பாவுக்குச் சாமைச் சோறும் அவரைக் குழம்பும் உயிர். ஆனால் அவர் ஒரு நாள்கூட உலக்கையைத் தொட்டு நான் பார்த்ததில்லை. அவரை மட்டும் குறை சொல்லவில்லை, எந்த வீட்டிலும் அப்படித்தான்.

இதற்கு எதிர்ப்பக்கம் கேழ்வரகு. கேழ்வரகை மிதித்துக் காற்றில் தூற்றினாலே மணி தனியாக வந்துவிடும், உமி குத்தும் வேலை இல்லை. திருகையில் அரைத்தால் மாவு. பிற்பாடு மலையின் முக்கிய ஊரான செம்மேட்டுப் பக்கம் மாவு மில் வந்தபோது தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தால் முடிந்தது. எங்கள் வீட்டில் தினையும் பனிவரகும் முதலில் போயின, பிறகு சாமை. கேழ்வரகு மட்டும் சிறு துண்டாகவாவது ஒரு வருடமும் விடாமல் நின்றது. நான்கும் ஒரே காட்டில், ஒரே மழையில் விளைந்தவை. விற்றால் எதற்கும் பெரிய விலை இல்லை. உரலில் எவ்வளவு பாடுபட வேண்டும் என்பதில்தான் வேறுபாடு. போன வரிசையும் ஏறக்குறைய அந்த உழைப்பின் வரிசைதான். பணப்பயிர் ஆசை மட்டுமே காரணம் என்றால் கேழ்வரகும் கூடவே போயிருக்க வேண்டும்.

நெல் மில்லில் சாமையைக் கொடுத்தால் ஆகாதா என்று கீழ்நாட்டு நண்பர்கள் கேட்பதுண்டு. அப்பா ஒரு முறை ஒரு மூட்டையைச் சந்தைக்குப் போகும்போது எடுத்துப்போய் முயன்று பார்த்தார். நெல்லுக்கென்று செய்த இயந்திரம் கடுகளவு மணியை என்ன செய்யும்? பாதி நொய்யாகிவிட்டது, மீதியில் உமி அப்படியே இருந்தது. திரும்பிக் கொண்டுவந்ததை மாடுகளுக்குத்தான் வைத்தோம்.

பெண் கொடுப்பதிலும் இது வந்து நின்றது. என் சித்தப்பாவுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் பாட்டி கேட்ட முதல் கேள்வி எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. “உங்க ஊட்ல இன்னும் சாமை குத்தறாங்களா?” நில அளவை அதற்கப்புறம்தான் கேட்டார்.

லாரி வந்தது

எங்கள் காட்டில் முதல் குச்சிக்கிழங்கு 1984ல் நட்டது. மலையில் சில ஊர்களில் அதற்கு முன்பே வந்துவிட்டது. சேலம் வட்டாரத்து ஜவ்வரிசித் தொழிலுக்கு அதைவிட வயது அதிகம். இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டு ஜவ்வரிசி வராமல் போனபோது 1940களில் வேர்விட்ட தொழில் அது. 1981ல் சேலத்தில் சேகோசர்வ் என்ற கூட்டுறவும் வந்தது. ஆத்தூர், ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கத்து ஆலைகளுக்குக் கிழங்கு தேவைப்பட்டது. மலைப்பாதையில் லாரி ஏற முடிந்தபோது தேவை எங்கள் காட்டு ஓரத்துக்கே வந்து நின்றது.

அப்பாவின் கணக்கு எளிமையானது, சரியானதும்கூட. சாமையைத் தலைச்சுமையாக இறக்கிச் சந்தைக்குக் கொண்டுபோனாலும் அரிசியாக்கித் தந்தால்தான் வாங்குவார்கள். கிழங்கை வியாபாரியே ஆள் வைத்துப் பிடுங்கி, லாரியில் ஏற்றி, பணத்தை எண்ணிக் கொடுப்பார். நடும்போதே முன்பணம் கிடைக்கும். பத்து மாதப் பயிர். விலை சரியில்லை என்றால் இன்னும் கொஞ்ச நாள் மண்ணிலேயே விட்டுவைக்கலாம். பறவைக்குக் காவல் வேண்டாம். அம்மா சொன்ன காரணம் வேறு: “இதைக் குத்த வேண்டாம்.”

1989ல் புல் கூரையை எடுத்துவிட்டு ஓடு போட்டோம். நான் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்து, கீழே கல்லூரிக்கும் போனேன். எல்லாம் கிழங்குப் பணம். அதனால் அப்பா செய்தது தவறு என்று என்னால் எழுத முடியாது.

ஆனால் கிழங்கோடு ஒரு சொல்லும் மலையேறி வந்தது: பாயிண்ட். கிழங்கில் எவ்வளவு மாவுச்சத்து என்பதைத் தண்ணீருக்குள் எடை பார்த்துக் கணக்கிட்டு, ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு என்று டன்னுக்கு விலை போடுவார்கள். எடை பார்ப்பது கீழே. நாங்கள் இருப்பது மேலே. மழையில் பிடுங்கினால் பாயிண்ட் இறங்கும். ஒரு ஐப்பசியில் அப்பா எதிர்பார்த்ததை விட நாலு பாயிண்ட் குறைவு என்று சீட்டு வந்தது. கேட்டால், மழைக்கிழங்கு அப்படித்தான் என்றார்கள். முன்பணம் வாங்கியவர் வேறு ஆளுக்குக் கொடுக்கவும் முடியாது. சாமையைப் படியால் அளந்த காலத்தில் அளப்பது எங்கள் கையில் இருந்தது.

ரேஷன் அரிசி

குழந்தைப் பருவத்தில் நெல்லுச்சோறு என்றால் பண்டிகை, கல்யாணம், விருந்தாளி. விடுதியில் மூன்று வேளையும் நெல்லுச்சோறு சாப்பிட்டுவிட்டு விடுமுறைக்கு வந்த நான், சாமைச் சோற்றை ஒதுக்கினேன். அது நினைவில் வரும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது, அம்மா விடிகாலையில் குத்திய சோறு அது. 2006ல் ரேஷன் அரிசி கிலோ இரண்டு ரூபாய் ஆனது, 2008ல் ஒரு ரூபாய், 2011 ஜூனில் இருந்து இலவசம். பசியை விரட்டிய அரிசி அது, எங்கள் ஊரில் ஆடி மாதப் பஞ்சத்தை அனுபவித்த யாரும் அதைப் பழித்துப் பேச மாட்டார்கள். ஆனால் உரலுக்கும் இலவச அரிசிக்கும் நடுவில் ஒரு பெண்ணை நிற்கவைத்து எதை எடுப்பாய் என்று கேட்டால் என்ன பதில் வரும்? உரலடியில் அப்புறம் கோழி அடைகாத்தது.

சத்துக் கணக்கில் இழப்பு உண்மையானது. 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து. தீட்டிய அரிசியில் பத்துக்குப் பக்கம்தான். குச்சிக்கிழங்கில் புரதம் நூற்றுக்கு ஒன்றுதான். தட்டில் இருந்த அவரையும் கீரையும் காட்டோடு சேர்ந்தே போயிருந்தன.

சாமையோடு போனவை

இதை நாங்கள் முன்கூட்டி யோசிக்கவில்லை. சாமைத்தாள் மாட்டுக்குத் தீவனம். அது போனதும் மாட்டுக்குப் போட எதுவும் இல்லை. நான்கு மாடுகள் இரண்டாகி, 2003ல் ஒன்றுமில்லாமல் ஆனது. மாடு போனதும் எரு போனது. எரு போனதும் கிழங்குக்கு மூட்டை உரம் வாங்க வேண்டியதாயிற்று, அதற்கும் முன்பணம். கிழங்கு நட்ட முதல் மூன்று மாதம் சரிவு வெறும் மண்ணாகக் கிடக்கும். அந்த நேரத்தில்தான் மழை. அறுவடைக்கு ஒவ்வொரு செடியையும் பிடுங்கும்போது மண் மறுபடி பெயரும். ஓடைத் தண்ணீர் செம்மண் நிறமாக ஓடுவதை என் தங்கை பெண்ணுக்கு இயல்பு என்று நினைப்பு. எங்களுக்கு அது வெள்ளத்துக்கு மட்டும் உள்ள நிறம்.

பறவைகள் விஷயம் இன்னும் நுணுக்கமானது. ஊரே தினை போட்டபோது கிளியும் குருவியும் எல்லாக் காட்டிலும் பங்கு போட்டுத் தின்னும், யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை. முக்கால்வாசிப் பேர் கிழங்குக்கு மாறியதும், தினை போட்ட ஒன்றிரண்டு காடுகளில் மொத்தக் கூட்டமும் இறங்கியது. பக்கத்துக் காட்டுத் தாத்தா ஒருவர் 1995 வரை பிடிவாதமாகத் தினை விதைத்தார். கடைசி வருடம் பரண் போட்டுக் கவணோடு காவல் இருந்தும் அரை மூட்டைகூட வீட்டுக்கு வரவில்லை. அவரை விலகவைத்தது சந்தையும் இல்லை, உரலும் இல்லை. அக்கம்பக்கத்தில் யாரும் விதைக்காததுதான். ஒரு பயிரை ஒரு வீடு மட்டும் தனியாகக் காப்பாற்ற முடியாது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மில்

1990களின் நடுவில் இருந்து, வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதன் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனம் மலையில் வேலை செய்தது. விதை வங்கிகள் வைத்தார்கள், மலையின் எந்த நாட்டில் எந்த ரகம் மிச்சம் இருக்கிறது என்று தேடி எழுதினார்கள். அவற்றைவிடப் பெரிதாக நான் மதிப்பது வேறொன்றை. சிறுதானியத்துக்கென்றே செய்த உமி நீக்கும் இயந்திரங்களைச் சில ஊர்களில் வைத்து, மகளிர் குழுக்களின் கையில் கொடுத்தார்கள். மணியைச் சுழற்றி வீசி மோதவைத்து உமியை உடைக்கிற வகை. சாமை மாவும் கேழ்வரகு மாவும் பாக்கெட்டில் போட்டு விற்கத் தொடங்கியது அதற்கப்புறம்.

2000க்குப் பிறகு எங்கள் ஊரில் இருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு மில் வந்தது. வீட்டில் நான்தான் பேச்சை எடுத்தேன், மறுபடி கொஞ்சம் சாமை போடலாமா என்று. அம்மா கேட்டார்: “மில்லு ஓடுதா நின்னுகிடக்குதா, அதை மொதல்ல பார்த்துட்டு வா.” போய்ப் பார்த்தேன். ஓடியது. அடுத்த வருடம் முக்கால் ஏக்கரில் சாமை விதைத்தோம். இரண்டு வருடம் கழித்து ஒரு பாகம் பழுதாகி மில் ஆறு மாதம் நின்றபோது, அந்தப் பருவத்தில் சுற்றுவட்டாரத்தில் சாமை போட்ட காடுகள் கண்ணுக்குத் தெரிந்தே குறைந்தன. சரிசெய்த மறு வருடம் கொஞ்சம் ஏறின. உரலில் தோற்றது என்று நான் சொல்வதற்கு என்னிடம் இருக்கும் வலுவான சான்று இதுதான். சிறுதானிய விழாவும் துண்டறிக்கையும் வந்த வருடங்களில் அப்படி ஓர் ஏற்றத்தை நான் பார்த்ததில்லை.

பூச்சி, மிளகு

கிழங்கும் நிலைக்கவில்லை. 2020ல் கேரளத்தில் முதலில் தென்பட்ட ஒரு புது மாவுப்பூச்சி சீக்கிரமே சேலம், நாமக்கல் பக்கம் பரவியது. ஆப்பிரிக்காவை முன்பு ஆட்டிவைத்த அதே பூச்சி. குருத்து சுருண்டு கொத்தாகக் குட்டையாகி நின்ற எங்கள் ஒன்றரை ஏக்கரில் பாதி கிழங்குதான் எடுத்தோம். பெனின் நாட்டில் இருந்து வரவழைத்த ஒரு சின்னக் குளவியைப் பெருக்கி, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விடத் தொடங்கினார்கள். குளவி அதன் வேலையைச் செய்யும். அதற்குள் பலர் சில்வர் ஓக் நட்டு மிளகு ஏற்றிவிட்டார்கள். மிளகும் 2016 வாக்கில் கொடுத்த விலையில் ஏறக்குறைய பாதிதான் 2019ல் கொடுத்தது. மரம் ஏறிப் பறிக்க ஆள் இல்லை. இளைஞர்கள் திருப்பூரிலும் கோழிப்பண்ணைகளிலும் இருக்கிறார்கள், அல்லது ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வடநாடு போயிருக்கிறார்கள்.

எங்கள் நாலு ஏக்கரில் இன்றைக்கு வயல் அரை ஏக்கர், மிளகும் காபியும் ஒன்றரை, கிழங்கு ஒன்று, கேழ்வரகும் சாமையும் சேர்ந்து ஒன்று. 2023ஐ உலகச் சிறுதானிய ஆண்டு என்று ஐ.நா. அறிவித்திருந்தது. அந்த வருடம் செப்டம்பர் 28ல் சுவாமிநாதன் இறந்தார். அதே வருடம் நீலகிரியிலும் தர்மபுரியிலும் ரேஷனில் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். எங்கள் மலையில் விளைந்ததை எங்கள் ரேஷன் கடையிலேயே வாங்கினால், மில்லுக்கு வருடம் முழுக்க வேலை இருக்கும். மில் நிற்காமல் ஓடினால் சாமை நிற்கும். விவசாயிக்கு ஊக்கத்தொகை கொடுப்பதை விட, மில்லுக்கு ஒரு மெக்கானிக்கை மலையிலேயே பழக்கி வைப்பதற்குக் காசு ஒதுக்குங்கள் என்றுதான் என்னைக் கேட்கிற அதிகாரிகளிடமெல்லாம் சொல்கிறேன்.

விதைக்கு வருகிறேன். அப்பாயி கடைசியாகப் பொங்கியது திருகுலாசாமை. போன வருடம் மலையிலேயே வேறொரு நாட்டில் ஒரு வீட்டில் அந்தப் பெயரில் விதை இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஒரு வள்ளம் வாங்கிவந்தேன். ஒன்றரையாகத் திருப்பித் தருகிறேன் என்று சொன்னபோது அந்த வீட்டம்மா சிரித்துவிட்டு, சரி என்றார். கதிர் பிடித்த நேரத்தில் அத்தையைக் காட்டுக்குக் கூட்டிப்போனேன். உலக்கை பிடித்த கை அது, எழுபதைத் தாண்டிவிட்டார். ஒரு கதிரை உருவி, உள்ளங்கையில் தேய்த்து, ஊதி, வாயில் போட்டு மென்றார்.

“பேரு அதுதான் சாமி. நம்ம ஊட்டு விதை இது இல்லை. அது இன்னும் கொஞ்சம் நீளமா தொங்கும்.”

அப்புறம் காட்டுக்குள் இறங்கி, வரப்பு ஓரமாக நடந்து, நீளமாகத் தொங்கிய கதிர்களாகப் பார்த்து ஒடித்து மடியில் கட்டிக்கொண்டார். முப்பது நாற்பது கதிர் இருக்கும். அதைத் தனியாக ஒரு மண்கலயத்தில் போட்டு அடுப்புக்கு மேலே கட்டியிருக்கிறோம். வைகாசி மழைக்கு அதை மட்டும் தனிப் பாத்தியில் விதைக்க வேண்டும்.